இரண்டு போல்ட்டுச் சத்தம்

லாரியின் மூக்குக்கும் சுரங்கப்பாதைச் சுவருக்கும் நடுவில் நாலடி இடம் இருந்தது. அந்த நாலடிக்குள், மஞ்சள் கார் வைத்திருப்பதால் அந்தப் பெயர் பெற்ற மஞ்சக்காரன் நின்றுகொண்டிருந்தான். கைகள் பின்னால் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. இடது கண் வீங்கி மூடிவிட்டது. கீழுதடு பிளந்து, ரத்தம் சட்டைப் பொத்தான் வரிசையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

லாரி உறுமியது. நாலடி மூன்றடி ஆனது.

"இந்தச் சுவர்தானே? சொல்லுடா! இதுல வச்சுத்தானே எங்க அண்ணனை நசுக்குன?"

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியவன், மூன்று நாளைக்கு முன்னால் விடிகிற நேரத்தில் இதே இடத்தில் கார் மோதிச் செத்துப்போன டாக்ஸிக்காரரின் தம்பி. லாரி அவனுடையது. ஆத்திரமும் அவனுடையதுதான். இரண்டுக்கும் பிரேக் சரியாக இல்லை.

"நான் இல்லண்ணே. அன்னிக்கு நான் வண்டியை எடுக்கவே இல்லண்ணே..."

"பொய்யி."

மூன்றடி இரண்டரை ஆனது.

அப்போதுதான் தோல்பை மாட்டிய ஒரு பெண்மணி, பஸ்ஸுக்கு வரிசையில் நிற்க வருகிறவர் போல நிதானமாக நடந்து வந்து அந்த இடைவெளிக்குள் புகுந்தார். மஞ்சக்காரனுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இப்ப ரெண்டு பேரு. ஓட்டுங்க" என்றார்.

சுரங்கப்பாதை வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம், மூணாவதா எனக்கு இடம் போட்டு வச்சுடாதீங்க. எனக்கு ஒல்லியாகணும்னு ஆசைதான், ஆனா இந்த வழி வேணாம்."

சர்வேயரையும் ஹாரனையும் அறியாத விபத்து அந்த வட்டாரத்தில் கிடையாது. தோல்பைக்காரர்தான் சர்வேயர்; பதினெட்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளை அளந்தவர். ஒரு பேருந்தைப் பரிசோதிக்கும்போது சிலிண்டர் வெடித்து இடது காது போனது, வேலையும் போனது. அதன் பிறகு சொந்தமாகத் துப்பறிகிறார். வாசலிலிருந்து குரல் கொடுத்தவன் ஹாரன், அவருடைய டிரைவர், உதவியாளர். வாயை மூடத் தெரியாதவன் என்பதால் வந்த பெயர்.

லாரிக்காரன் குதித்து இறங்கினான். கையில் சக்கரம் கழற்றும் இரும்பு.

"யாரும்மா நீ?"

"இவனோட அக்கா என்னை அனுப்பினாங்க."

"போலீஸ் விட்டுடுச்சு இவனை. சத்தம் சாட்சி ஆகாதாம். நான் கேட்டேம்மா!" அவன் மேலே கையைக் காட்டினான். "பாலத்துக்கு மேல அதோ எங்க வீடு. வாசல்ல நின்னு பல்லு தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். இவன் வண்டிச் சத்தம், வெடி வெடிக்கிற மாதிரி. ஒரு மோதல். ரிவர்ஸ் எடுத்து மறுபடியும் ஒரு மோதல். வாயில நுரையோட ஓடி வந்தேன். அண்ணன் வாயிலயும் நுரை. சிவப்பா."

அவன் இரும்பை ஓங்கி மஞ்சக்காரனின் முழங்காலில் இறக்கினான். மஞ்சக்காரன் அலறிக்கொண்டு சரிந்தான். அடுத்த அடிக்கு ஓங்கிய கையைச் சர்வேயர் பிடித்துக்கொண்டார்.

"உங்க காதை நான் சந்தேகப்படல. சைலன்சர் இல்லாத வண்டிச் சத்தம்தான் கேட்டிருக்கீங்க. ஆனா அது இவன் வண்டி இல்ல."

"இந்த ஊர்ல வேற எவன் அப்படி ஓட்டுறான்?"

"கீழ பாருங்க."

போலீஸ் கயிறு கட்டியிருந்ததால், இன்று லாரி நுழையும் வரை, மூன்று நாளாகப் பாதையின் அந்தப் பாதியில் வண்டி எதுவும் போகவில்லை. சுவரில் கசியும் தண்ணீர் தரையில் பூசியிருந்த மெல்லிய சேறு அப்படியே காய்ந்து ஓடாகியிருந்தது. அதில், லாரி ஏறாத ஓரத்தில், நான்கு சக்கரங்கள் அழுந்தி நின்ற தடம். ஒரு கார் வெகுநேரம் காத்து நின்ற இடம். நான்கு தடங்களுக்கும் நடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சேறே இல்லாமல் சிமெண்ட் வெள்ளையாகத் தெரிந்தது. சுற்றிலும் சேறு சிதறி, கரி படிந்திருந்தது.

"ஹாரன், இவனோட வண்டியை ஸ்டார்ட் பண்ணு."

மஞ்சள் கார் சுரங்கப்பாதை வாசலில், அவனை இழுத்துப் போட்ட இடத்திலேயே கதவு திறந்து கிடந்தது. ஹாரன் உட்கார்ந்து சாவியைத் திருகினான். பாலம் முழுக்க அதிர்ந்தது. புறாக்கள் தெறித்துப் பறந்தன.

"ஐயோ மேடம், எங்க மாமியாரை மறுபடி பார்த்த மாதிரி இருக்கு!"

"மிதி."

மிதித்தான். காரின் வாலுக்குப் பின்னால் தூசி ஆளுயரத்துக்கு எழும்பியது. வயிற்றுக்கு அடியில் ஒரு துரும்புகூட அசையவில்லை.

"சைலன்சர்ங்கிறது ஒரு டப்பா" என்றார் சர்வேயர். "உள்ள தடுப்பு, சல்லடை எல்லாம் இருக்கும். இன்ஜின்ல இருந்து வர்ற வெடி அதுக்குள்ள சுத்திச் சுத்தி முட்டி, மூச்சு வாங்கி, சாதுவாகி வெளிய வரும். இவன் அந்த டப்பாவை எடுத்துட்டு வால் வரைக்கும் ஒரே குழாயா போட்டிருக்கான். புகை பின்னாடிதான் போகும். அங்க நின்ன வண்டி வயித்துக்கடியில ஊதியிருக்கு. டிரைவர் சீட்டுக்குக் கீழ குழாயும் குழாயும் சேர்ற இடத்துல ரெண்டு போல்ட் இருக்கும். அதைக் கழட்டிட்டா எந்தச் சாதுவான வண்டியும் கத்தும். வேலை முடிஞ்சதும் மாட்டிட்டா மறுபடி சாது."

லாரிக்காரன் அந்த வெள்ளைத் தட்டை வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப எவன்?"

"துருப்பிடிச்ச போல்ட்டை ஒடிக்காம கழட்டத் தெரிஞ்சவன். உங்க அண்ணன் விடியற்காலையில இந்த வழியா நடந்து டீ குடிக்கப் போற நேரம் தெரிஞ்சவன். இவன் மேல பழி விழும்னும் தெரிஞ்சவன்."

"ஒரு மணி நேரம்" என்றான் லாரிக்காரன். "அதுவரைக்கும் இவன் என் லாரியில கிடப்பான். நீ வெறுங்கையோட திரும்பினா, இதே சுவர்."

மஞ்சக்காரனைத் தூக்கி, காலி லாரியின் பலகையில் சாக்கு மூட்டை போல எறிந்தான். தலை மோதிய சத்தம் சர்வேயரின் நல்ல காதில் விழுந்தது.

பாலத்துக்கு மேலே டாக்ஸிக்காரரின் வீட்டு வாசலில் அவருடைய டாக்ஸி நின்றது. மனைவி இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். லாரியைப் பார்த்தாள். அதன் பின்பலகை இடுக்கில் சொட்டுச் சொட்டாக விழுந்த சிவப்பையும் பார்த்தாள்.

"தம்பி, லாரியில யாரு?"

"நீங்க உள்ள போங்கண்ணி."

"யாருன்னு கேட்டேன்."

அவன் நகர்ந்து பின்பலகையை மறைத்து நின்றான். சர்வேயர் குறுக்கே வந்தார். "உங்க வீட்டுக்காரருக்கு யாரோடயாவது சண்டை உண்டாம்மா?"

"அவருக்கா? ஈயைக்கூட ஜன்னலைத் திறந்து வெளிய விடுவார்." அவள் குரல் உடைந்தது. "இந்த வண்டியோடதான் ஒரே சண்டை. போன மாசம் சர்வீஸ் விட்டு எடுத்ததுல இருந்து சத்தம் ஜாஸ்தியாயிடுச்சுன்னு புலம்புவார். ராத்திரி வந்தா பாப்பா முழிச்சுக்கும்னு தெருமுனையிலயே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, தனியாளா தள்ளிக்கிட்டு வருவார்."

ஹாரன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தான். பிறகு மல்லாந்து டாக்ஸிக்கு அடியில் நுழைந்து, சைலன்சருக்கு முன்னால் இருந்த சின்ன டப்பாவை ஸ்பேனரால் தட்டினான். டங் என்று கேட்டது.

"காலி டின் மேடம். என் தலையைத் தட்டினாக்கூட இவ்வளவு சுத்தமா கேக்காது."

"சர்வீஸ் பண்ணினது யாரும்மா?"

"டாக்டர்தான்."

லாரிப் பலகையிலிருந்து பிளந்த உதட்டோடு ஒரு குரல் வந்தது. "எனக்கும் குழாய் போட்டது அவர்தான்."

அந்த வட்டாரத்தில் டாக்டர் என்றால் சைலன்சர் மெக்கானிக். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து நோய் சொல்கிறவர் என்பதால் அந்தப் பெயர். சர்வேயர் டாக்ஸியில் ஏறிக்கொண்டார். ஹாரன் ஓட்டினான். லாரி இரண்டு வண்டி நீளத்தில் பின்தொடர்ந்து, பட்டறைக்கு எதிர்ச் சாரியில் நின்றது.

பட்டறை கோயில் போலச் சுத்தமாக இருந்தது. ஸ்பேனர்கள் உயர வரிசையில் தொங்கின. மூலையில் ஒரு சாம்பல் நிறக் கார், முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. அதன் முன் பம்பர் தனியாக, புதுப் பெயின்ட் பூசிச் சுவரில் சாய்ந்திருந்தது; பக்கத்தில் கனமான ஒரு சாக்கு.

டாக்டர் டாக்ஸியைப் பார்த்ததும் தலைக்குல்லாவைக் கழற்றினார். "தங்கமான மனுஷன். அந்த மஞ்சப் பயலைத் தூக்குல போடணும்."

"வண்டியை விக்கப் போறோம்" என்றார் சர்வேயர். "ஜாயிண்ட்ல புஸ்ஸுன்னு காத்து போகுது. சத்தத்தைக் குறைச்சுக் குடுங்க."

டாக்டர் சக்கரம் வைத்த பலகையில் படுத்து உள்ளே உருண்டார். இரண்டு போல்ட்டுகளும் அவர் கைக்கு வெண்ணெய் போல இளகின. இரண்டு குழாய்க்கும் நடுவிலிருந்த வளையத்தை, கேஸ்கெட்டை, எடுத்தார்.

"அதையே திருப்பிப் போட்டுடுங்க, அவசரம்."

பலகை வெளியே உருண்டு வந்தது. டாக்டரின் முகத்தில் நிஜமான வேதனை. "என்னம்மா பேசுறீங்க? ஒரு தடவை பிரிச்ச கேஸ்கெட்டை மறுபடி போடுறதா? முடி அளவு இடைவெளி இருந்தாப் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும். முப்பது வருஷத்துல ஒரு பழைய கேஸ்கெட்டை இந்தக் கை மாட்டினதில்ல." பழசைக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். பளபளவென்று புதியதை எடுத்து, சுற்றிலும் செம்பு நிறப் பேஸ்டைப் பூசினார்.

"அது என்ன மருந்து டாக்டர்? முகத்துக்குப் போட்டா நிறம் வருமா?" என்றான் ஹாரன்.

"உன் முகத்துக்கு வேற டாக்டர் வேணும். இது இடுக்கை அடைக்கிறதுக்கு. வண்டி ஓடிச் சூடு பட்டா அரை மணியில கல்லாயிடும். சூடே படலன்னா ஒரு வாரம் களிமண்ணு மாதிரி இருக்கும், அப்புறம் தானா காயும்."

"அந்தச் சாம்பல் கார்?" என்றார் சர்வேயர்.

"என்னுதுதான். ரெண்டு மாசமா தொடவே நேரமில்ல."

சர்வேயர் தோல்பையை ஹாரனிடம் கொடுத்தார். டாக்டரின் பலகையையே இழுத்துப் போட்டு, சாம்பல் காருக்கு அடியில் மல்லாந்து உருண்டார். நல்ல காது உள்பக்கம். செத்த காது டாக்டர் பக்கம்.

அடிப்பாகம் முழுக்கத் துரு. குழாய் பழுப்பு, டப்பா பழுப்பு, கம்பி பழுப்பு. அந்தத் துருவுக்கு நடுவில் ஒரே ஒரு வளையம் மட்டும் வெள்ளிக் காசு போல மின்னியது. அவர் விரலை வைத்து அழுத்தினார். செம்பு நிறப் பேஸ்ட் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. களிமண் போல.

"டாக்டர்" என்றார் அடியிலிருந்தே. "ரெண்டு மாசமா தொடாத வண்டிக்கு இந்த வாரம் கேஸ்கெட் மாத்தினது யாரு?"

டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். டாக்டரின் கால் ஜாக்கியின் பிடியை நோக்கிப் போனது.

"மேடம்!" என்று அலறினான் ஹாரன். "வெளிய வாங்க!"

செத்த காது அதை வாங்கவில்லை. கால் பிடியைத் திருகியது. ஜாக்கி சீறிக்கொண்டு இறங்கியது. ஹாரன் பக்கத்தில் நிறுத்தியிருந்த சக்கரத்தைக் கால்பந்து போல உதைத்தான். அது உருண்டு போய், சாய்ந்து விழுந்த அதே நொடியில் ஒரு டன் இரும்பு அதன் மேல் இறங்கியது. ரப்பர் நசுங்கிக் கதறியது. காரின் வயிறு சர்வேயரின் நெற்றித் தோலைச் சீவிவிட்டு, மூக்குக்கு இரண்டு விரல் மேலே நின்றது.

ஹாரன் திரும்புவதற்குள் இரும்புக் குழாய் அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த ஓசை பட்டறையில் எதிரொலித்தது. இரண்டாவது அடி வாயில். இரண்டு பற்கள் சிமெண்டில் உருண்டன. டாக்டர் மூன்றாவது அடிக்குத் தலையைக் குறி பார்த்தார்.

அடி விழவில்லை. கார் விழுந்த சத்தம் கேட்டு லாரிக்காரன் உள்ளே பாய்ந்திருந்தான். டாக்டரைப் பின்னங்கழுத்தில் பிடித்து டாக்ஸியின் கதவில் மோதினான். கண்ணாடி சிதறியது. மறுபடி மோதினான். டாக்டரின் மூக்கு முகத்தோடு சமமானது.

சர்வேயர் ஊர்ந்து வெளியே வந்தார். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கியது. மூலையிலிருந்த சாக்கைக் கவிழ்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் கொண்ட சாம்பல் நிறக் கல் துண்டுகள் கொட்டின.

"சைலன்சருக்கு முன்னாடி இருக்கிற டப்பாவுல இந்தக் கல்லு இருக்கணும். புகையை வடிகட்டும், சத்தத்தையும் கொஞ்சம் விழுங்கும். இதுல விலையில தங்கத்தோட போட்டி போடுற உலோகம் பூசியிருக்கும். சர்வீஸுக்கு வர்ற வண்டியில எல்லாம் இதை உருவிட்டு, காலி டப்பாவை மூடி அனுப்பியிருக்கார் டாக்டர். வண்டி கொஞ்சம் கூடுதலா கத்தும். யாருக்கும் தெரியாது. உங்க அண்ணன் காதைத் தவிர."

"அவன்..." டாக்டர் ரத்தக் குமிழியோடு பேசினார். "நாலு தடவை வந்தான். டப்பாவைத் தொறந்து பாருங்க, தொறந்து பாருங்கன்னான். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு மிரட்டுறான்னு நினைச்சேன். வெளிய தெரிஞ்சா என் பேரு... முப்பது வருஷம்..."

லாரிக்காரனின் பிடி தளர்ந்தது. அவன் முகம் விநோதமாகக் கோணியது.

"மிரட்டுனானா? அவனுக்கு டப்பாவும் தெரியாது, கல்லும் தெரியாதுடா. பாப்பா தூங்கலன்னு வந்தான். பாப்பா தூங்கலன்னு!"

டாக்டர் அவனைப் பார்த்தார். வாய் திறந்தது. முப்பது வருடம் இன்ஜின்களின் மனசைக் கேட்ட மனிதர், ஒரு மனிதன் சொன்னதை முதல் முறையாக அப்போதுதான் கேட்டார்.

லாரிக்காரன் கீழே கிடந்த இரும்புக் குழாயை எடுத்தான். முதல் அடி டாக்டரின் வலது கையில். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்குத் திரும்பின. இரண்டாவதைத் தலைக்கு ஓங்கினான்.

"அடிங்க" என்றார் சர்வேயர். குரலை உயர்த்தவில்லை. "இவன் செத்துட்டா நான் சொல்றது வெறும் கதை. பேஸ்ட்டு காஞ்சிடும். ஊர் மறுபடி அந்த மஞ்சக் கார் சத்தத்தைத்தான் சொல்லும். லாரியில கிடக்கிறவனை வேற யாராவது சுவர்ல வைப்பாங்க. உங்களை மாதிரியே, சரின்னு நம்பிக்கிட்டு."

குழாய் காற்றில் நின்றது. பிறகு தரையில் விழுந்து உருண்டது.

"மேடம்" என்றான் ஹாரன், பல் போன வாயில் காற்று ஒழுக. கையில் போன். "போலீஸ் வருது. எனக்கும் இனிமே சைலன்சர் ரிப்பேர்தான்."

லாரிக்காரன் அதைக் கேட்கவில்லை. தெருவைக் கடந்து லாரியின் பின்பலகையைத் திறந்தான். மஞ்சக்காரன் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே மூலைக்கு ஊர்ந்தான். ஒடிந்த முழங்கால் பின்னால் இழுபட்டது.

லாரிக்காரன் மேலே ஏறி, அவன் முதுகுக்குப் பின்னால் மண்டியிட்டுக் கயிற்றைப் பிரிக்கப் பார்த்தான். தானே போட்ட முடிச்சு. ரத்தத்தில் ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை.

எழுந்து போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து கத்தியை எடுத்து வந்தான். தார்ப்பாய் அறுக்கிற நீளக் கத்தி.

"தம்பி..." என்றான். கட்டை அறுக்கக் குனிந்தான்.

பட்டறைக்குள் என்ன நடந்தது என்று மஞ்சக்காரனிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவன் கத்தியைப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக் கொடுத்தான்.

"சீக்கிரம் முடிச்சுடுண்ணே" என்றான்.